மடங்காத காலும் மலைப் புத்தகங்களும்

கடுக்காய் மூட்டையோடு மலை இறங்கும்போதுதான் வலது முழங்கால் முதன்முதலாக என்னைக் கைவிட்டது. விழவில்லை. நான் விழுகிற ஆள் இல்லை. பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த பதினொரு பெண்களும் நின்றார்கள். மூட்டையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்துவிட்டு மறுபடியும் நடந்தேன்.

காலிலோ முதுகிலோ கட்டுப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் மல்லாந்து கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து சொல்ல எனக்குத் தெரியாது. அதற்கு டாக்டர் இருக்கிறார். படுத்த இடத்தில் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கலாம் என்று மட்டும் சொல்வேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மூட்டைகளின்மேல் தாரால் எழுதிய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். இதையும் ஒரு நாளைக்கு நாலு வரி என்றுதான் எழுதி வருகிறேன். உங்களுக்கும் அவசரம் இருக்காது, படுத்துத்தானே இருக்கிறீர்கள்.

ஆம்பூர் எங்களுக்கு. தோல் பதம்போடுகிற ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இல்லாமல் வேலை நடக்காது. அடிவாரத்தில் பட்டை உரிப்போம். தையிலும் மாசியிலும் ஜவ்வாது மலைமேல் ஏறிக் கடுக்காய் கொண்டுவருவோம். இருபத்தாறு வருஷம் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடந்தவள் நான். என் மூட்டை என்றால் ஷாப் முதலாளி சாயபு அவிழ்த்துப் பார்க்கமாட்டார். சொத்தைக் காய் ஒன்று இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

முழங்கால் மெல்ல வீங்கியது. வலி ஜாஸ்தி இல்லை. வேலை முடிந்தால் கனக்கும், காலையில் மடக்க வராது. அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். தோல் ஊரில் பிறந்தவளுக்குத்தான் அப்படித் தோன்றும்.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டு நாளில் நாறும். பட்டை ஊறின தண்ணீரில் போட்டால் ஆயுசுக்கும் அழுகாது. என் வீட்டுக்காரர் அந்தத் தொட்டியில்தான் வேலை செய்தார். மாட்டுத் தோலை அழுகாமல் நிறுத்துகிற தண்ணீர் என் முழங்காலை நிறுத்தாதா? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே யோசித்தது. தினமும் சாயங்காலம் வீட்டுக்காரரை ஒரு குடம் பட்டைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, துணி நனைத்து முழங்காலில் சுற்றிக்கொள்வேன். நாலு மாதம் விடாமல் செய்தேன்.

தோல் பழுப்பேறி இறுகியது. வீக்கம் அமுங்கினதுபோல் தெரிந்தது. ஆறிவிட்டது என்று தெரு முழுக்கச் சொன்னேன். இரண்டு பேருக்கு இதே வைத்தியத்தைச் சொல்லியும் கொடுத்தேன். அந்த இரண்டு பேரும் கேட்காமல் விட்டது அவர்கள் செய்த புண்ணியம்.

ஐந்தாம் மாதம் காய்ச்சல் வந்தது. கால் நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. நாத்தனார் பச்சையம்மாவும் வீட்டுக்காரரும் ரயிலில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பச்சை என் வீட்டுக்காரருக்குத் தங்கை. மலையில் எனக்கு அடுத்து நடக்கிறவள். வாயிலும் எனக்கு அடுத்தவள்.

டாக்டரம்மா சின்ன வயசு. என் முழங்காலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது என்ன நிறம்?"

பச்சைதான் சொன்னாள். "பதம் போட்டு வச்சிருக்காங்கம்மா எங்க அண்ணி. செருப்பு தைக்கிறதுதான் பாக்கி."

டாக்டரம்மா சிரித்தார். பிறகு அழுத்திப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "தோலைக் காப்பாத்திட்டீங்க அம்மா. உள்ள எலும்பை விட்டுட்டீங்க."

எலும்பில் சயரோகம் (உடம்பை உருக்கும் நோய், நெஞ்சில்தான் வரும் என்று நினைத்திருந்தேன், மூட்டிலும் வருமாம்). உள்ளே சீழ் சேர்ந்திருந்தது. மேல்தோல் இறுகிப் போனதால் அது வெளியே தெரியவில்லை. நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு பேச்சு என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு வழி சொன்னார். தொடையோடு காலை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயம் கம்மி. சில மாதத்தில் கட்டைக் காலோடு வீடு போகலாம். இல்லையென்றால் சீழை எடுத்து, இடுப்பிலிருந்து பாதம்வரை பிளாஸ்டர் (பொடி தடவின துணியை நனைத்துச் சுற்றுவார்கள், கல்லாக இறுகிவிடும்) போட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நோய் அடங்கலாம், அடங்காமல் மேலே ஏறவும் செய்யலாம். அடங்கினாலும் முழங்கால் அப்படியே ஒட்டி ஒரே எலும்பாகிவிடும்.

வராந்தாவில் வீட்டுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெட்டிட்டாவது உசிரோட வாம்மே," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "மலை ஏற முடியுமா?"

"கட்டைக் காலோட மலை ஏறினவங்களை நான் பார்த்ததில்லை."

"மடங்காத காலோட?"

"அதையும் பார்த்ததில்லை."

"ரெண்டும் நீங்க பார்க்காததுதானே. அப்ப கால் இருக்கிறதே இருக்கட்டும்."

பச்சை தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினேழு மாதம் படுத்திருந்தேன். வெயில் படும் தாழ்வாரத்தில் கட்டில்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். மீன் எண்ணெய், பால், முட்டை, வெயில் (எலும்புச் சயத்துக்கு வெயிலும் மருந்து என்றார்கள்). கண்ணெதிரே வேலூர்க் குன்றுகள், காய்ந்த பாறையாக. இருபத்தாறு வருஷம் ஜவ்வாது ஏறினவளுக்கு அவை மலையில் சேர்த்தி இல்லை. இருந்தாலும் அவற்றைத்தான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுக்குள் கால் அரிக்கும். சொறிய முடியாது. தூங்கி எழும் நேரத்தில் கால் தானாக ஏறுகிற மாதிரி இருக்கும். தொடைச் சதை இழுக்கும், பாதம் கல்லைத் தேடும். கண் திறந்தால் தாழ்வாரத்துக் கூரை.

பக்கத்துக் கட்டிலில் வாலாஜாபேட்டை டீச்சரம்மா ஒருத்தி. என்னைவிட இருபது வயசு சின்னவள். முதுகெலும்பில் அதே நோய். அவளும் மல்லாந்துதான் கிடப்பாள். புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படிப்பாள். நான் மலையைப் பற்றிப் புலம்புவதை ஒரு வாரம் கேட்டாள். அப்புறம், "அக்கா, எனக்கும் மலைன்னா உசிரு. ஒரு குன்றுகூட ஏறினதில்லை. படிச்சதுதான்," என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. காலையில் அவள் புத்தகத்து மலையைப் படிப்பாள். சாயங்காலம் நான் என் மலையைச் சொல்வேன்.

இனி புத்தகங்கள். பல புத்தகத்துக்கு அட்டை போய்விட்டிருந்தது. பேர் கேட்காதீர்கள். எப்படிப்பட்டது என்று சொல்கிறேன், அந்த மாதிரிக் கிடைத்தால் வாங்குங்கள்.

முதலில், வடக்கே பனிமலைக்கு நடந்தே போய்வந்த ஒரு யாத்திரைக்காரர் எழுதியது. சாமியைப் பற்றிக் கடைசியில்தான் கொஞ்சம் வருகிறது. மீதியெல்லாம் கால். எந்த ஊரில் கொப்புளம் வந்தது, எந்தச் சத்திரத்தில் மாவு கிடைத்தது, குளிரில் விரல் எப்படி மரத்தது, எல்லாம் எழுதியிருக்கிறார். படுக்கையில் இருப்பவருக்கு முதல் புத்தகம் இதுதான். நாளைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அந்த மனிதர் ஒரு நாளில் நடந்த தூரம் அவ்வளவுதான். முந்திக்கொண்டு போனால் அவரை வழியில் விட்டுவிட்டுப் போன மாதிரி ஆகும்.

இரண்டாவது, காட்டு இலாகாவில் காவலுக்குப் போகிறவர்களுக்காக அச்சடித்த மெல்லிய புத்தகம். வழி தப்பினால் என்ன செய்வது, தண்ணீரை எப்படித் தேடுவது, பாம்பு கடித்தால் என்ன கட்டுவது என்று இருக்கும். இதில் எனக்குச் சண்டை உண்டு. வழி தப்பினால் உயரமான இடத்துக்கு ஏறி நின்று பார் என்று எழுதியிருக்கிறான். எங்கள் மலையில் ஏறி நின்றால் இன்னொரு மலைதான் தெரியும். காய்ந்த ஓடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கணும். ஓடை எங்கேயாவது ஒரு ஊரில் கொண்டுபோய் விடும். டீச்சரம்மா என் பேச்சைக் கேட்டுப் பென்சிலால் ஓரத்தில் திருத்தி எழுதினாள். மொத்தம் ஒன்பது இடம். அச்சில் வந்த எழுத்தை நான் திருத்தினேன் என்று அன்றைக்கு இரண்டு முட்டை சாப்பிட்டேன். அதனால் சொல்கிறேன், தப்பு இருக்கிற புத்தகமும் நோயாளிக்கு நல்லது. உடம்பு முழுக்க அடுத்தவர் கையில் இருக்கும்போது, உங்களுக்குத் தெரிந்தது ஒன்று உண்டு என்று அது ஞாபகப்படுத்தும்.

வேட்டைக்காரர்கள் எழுதினதை எடுக்காதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் சுடுகிறார்கள். காய்ச்சல் அடிக்கிறவருக்கு ஆகாது. மலையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், புலியை ஆறு பக்கம் எழுதுகிறார்கள். பல்லக்கு மாதிரி ஆள் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்ட மலையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

மூன்றாவதுதான் எனக்கு உயிர். வெள்ளைக்காரர் நாலு பேர் கயிற்றால் ஒருவரோடு ஒருவர் கட்டிக்கொண்டு, இதுவரை யாரும் ஏறாத பனிமலையில் ஏறுகிற கதை. கதை என்ன, நடந்ததுதானாம். யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள். கயிறு கட்டின படத்தை டீச்சரம்மா காட்டினாள்.

"நாங்க கயிறெல்லாம் கட்டினதில்ல," என்றேன். "முன்னால போறவ கால் வச்ச எடத்துல பின்னால வர்றவ வைக்கணும். அவ்ளோதான் கயிறு."

"முன்னால போறவ தப்பா வச்சா?"

"நான் வச்சதில்ல."

அவள் சிரித்த சிரிப்பில் நர்சம்மா வந்து அதட்டிவிட்டுப் போனாள்.

இந்தப் புத்தகம் பாதியில் இருக்கும்போது டீச்சரம்மாவுக்குக் காய்ச்சல் விடாமல் வந்தது. குரல் மேலே எழும்பவில்லை. புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. பனியில் நாலு பேரும் கூடாரத்துக்குள் மாட்டிக்கொண்ட இடம். அப்படியே அவர்களை விட்டுவிட முடியுமா? புத்தகத்தை என் பக்கம் கொடு என்று வாங்கினேன். மூட்டை எழுத்துப் படித்தவள், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ஒரு வரி முடிப்பதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அவள் சொன்னாள். "அக்கா, நீங்க இந்த வேகத்துல போனா அவங்க பனியிலயே செத்துருவாங்க."

"செத்தா சாகட்டும். நான் தாவிப் படிக்கமாட்டேன்."

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வேறு புத்தகங்களில் அது கஷ்டம். மலைப் புத்தகத்தில் அதுதான் சரியான நடை. அவர்கள் ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்ததோ, அந்த வரிக்கு நானும் அவ்வளவு நேரம் எடுத்தேன். டீச்சரம்மா வேகமாகப் படித்தபோது அவர்கள் ஏறுவது கேட்டது. நான் படித்தபோது மூச்சு வாங்கியது.

ஐப்பசி மழையில் அவள் அண்ணன் வந்து அவளை வாலாஜாபேட்டைக்கே கூட்டிக்கொண்டு போனார். பலகையில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினார்கள். போகும்போது, "முடிவைச் சொல்லட்டுமா அக்கா? எனக்குத் தெரியும்," என்றாள்.

"வேணாம். நானே போய்ச் சேர்றேன்."

போய்ச் சேர இரண்டு மாதம் ஆனது. அந்த நாலு பேரும் உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து திரும்பிவிட்டார்கள். ஏறவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை பக்கம் வேர்த்து வேர்த்து வந்தது இதற்கா? பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினேன். யாரோ ஒரு புதுப்பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பியா திட்டுவது? அடுத்த வாரம் அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. டீச்சரம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் புத்தகத்தில் கூடாரத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த நாட்களில் போயிருக்கிறாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை.

நீங்கள் கேட்கலாம், ஏற முடியாதவர்கள் மலையைப் பற்றிப் படித்தால் ஏக்கம்தானே கூடும் என்று. கூடும். கூடட்டும் என்றுதான் சொல்கிறேன். அந்தத் தாழ்வாரத்தில் பதினேழு மாதம் கட்டில்களைப் பார்த்தவள் நான். எதையும் கேட்காமல் ஆகிவிட்ட பெண்கள் பாலையும் வேண்டாம் என்றார்கள், வெயிலையும் வேண்டாம் என்றார்கள். ஏதாவது ஒன்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர்கள் சாப்பிட்டார்கள். எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்லவில்லை. டீச்சரம்மாவும்தான் ஏங்கினாள்.

கட்டைப் பிரித்த அன்று என் காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. குச்சி மாதிரி, செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. பட்டைத் தண்ணீர் ஏற்றின நிறம் மட்டும் முழங்காலில் திட்டாக ஒட்டியிருந்தது. டாக்டரம்மா தட்டிப் பார்த்து, நோய் அடங்கிவிட்டது என்றார். முழங்கால் மடங்கவில்லை. இனி மடங்காது. ஒரு மாதம் கோலூன்றி நடக்கப் பழக்கினார்கள். உட்கார்ந்தால் கால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், குழந்தைகள் தாண்டிப் போகும். குந்த முடியாது. பட்டை உரிக்கிறவள் குந்தாமல் எப்படி உரிப்பது?

அடுத்த தை பிறந்ததும் கூட்டம் மலைக்குக் கிளம்பியது. இப்போது பச்சைதான் முன்னால். நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிவிட்டேன். அடிவாரத்தில் இறங்கினால் மலைக்காரர் இரண்டு பேர் நிற்கிறார்கள். தோளில் மூங்கில், மூங்கிலில் கம்பளி கட்டின தூளி.

"இது யாருக்கு?" என்றேன்.

"வெள்ளைக்காரத் தொரைக்கு," என்றாள் பச்சை. "ஏறிப் படு அண்ணி. பொழுது சாயறதுக்குள்ள மேல இருப்ப."

"நான் மாட்டேன்."

"பதினேழு மாசம் மலை மலைன்னு அழுதியே, இப்ப தூக்கிட்டுப் போறோம்ன்னா இன்னா பேஜாரு உனக்கு?"

"மேல இருக்கணும்னா அழுதேன்? ஏறணும்னு அழுதேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"உனக்கு ஒண்ணுதான். நீ ஏறு."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஆட்களுக்கு நேற்றே சொல்லிவைத்து, கம்பளியைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஏறியிருப்பேனா, சொல்லமுடியவில்லை. படிக்கிற உங்களுக்கு நான் புத்தி சொல்வதானால், தூக்கிக்கொண்டு போக ஆள் வந்தால் போய்விடுங்கள் என்றுதான் சொல்வேன். மேலே நல்ல காற்று. நான் மல்லாந்து கிடந்தது போதும் என்று இருந்தேன், தூளியில் ஏறாததற்கு அதுதான் காரணம்.

கோலை ஊன்றி, நல்ல காலை மேலே வைத்து, நீட்டின காலைப் பக்கவாட்டில் வீசி இழுத்து ஏறினேன். முதல் திருப்பம்வரை போனேன். முன்பெல்லாம் வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரத்தில் தாண்டுகிற தூரம். அன்றைக்கு வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அதுவரை என்கூடவே மெல்ல வந்த பெண்கள் என்னைத் தாண்டி மேலே போனார்கள். "பாத்து வா, இந்தக் கல்லு ஆடுது," என்று முன்னால் பச்சையின் குரல் கேட்டது. நான் நின்று சொல்லவேண்டிய இடத்திலிருந்து சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். அப்புறம் அதுவும் கேட்கவில்லை. அழுதீர்களா என்றால், அழுதேன்.

அதற்கடுத்த தையில் அந்தக் கல்லுக்கு மேல் நூறு எட்டு வைத்தேன். அதற்கும் அடுத்ததில் இன்னொரு நூறு. இந்தத் தையில் எண்பதுதான் முடிந்தது. மூச்சு முன்போல் இல்லை. இந்தக் கணக்கில் கடுக்காய்க் காட்டுக்குப் போய்ச்சேர எனக்கு இன்னொரு பிறவி வேண்டும். அது தெரியாமல் ஏறவில்லை. பச்சையும் இப்போது தூளி கொண்டுவருவதில்லை. கீழே வண்டியில் பாய் மட்டும் போட்டு வைக்கிறாள்.

உடம்பு எனக்கு இப்போது இரண்டு பேர். இடது கால் கல்லைத் தொட்டுப் பார்த்து, ஆடுமா நிற்குமா என்று தெரிந்துகொள்கிறது. வலது கால் ஒன்றும் கேட்காமல் அதை நம்பிப் பின்னால் வருகிறது. வருஷமும் முன்போல் மழை, வெயில், திருவிழா என்று வருவதில்லை. என் ஒரு வருஷம் நூறு எட்டு நீளம். அதில் உள்ள ஒவ்வொரு கல்லையும் படுத்துக்கொண்டே சொல்வேன்.

இந்த வருஷம் நின்ற இடத்திலிருந்து பாதை இடது பக்கம் திரும்புகிறது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் இருபத்தாறு வருஷம் போய்வந்தவள்தான் நான். அங்கே என்ன இருக்கிறது என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பார்க்கவேண்டும்.